வீட்டுக்கு எந்தச் சாயம்? முதலில் கூரையையும் செங்கல்லையும் பாருங்கள்

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே நம்மவர் வீடுகளில் அந்தப் பேச்சு தொடங்கிவிடும். இந்த ஆண்டு வீட்டுக்கு என்ன சாயம் அடிக்கலாம்? அம்மா மஞ்சள் என்பார். மகள் சாம்பல் என்பாள். அப்பா எதிர்வீட்டைக் காட்டி, அதே மாதிரி அடித்துவிடலாம் என்பார். கடைசியில் கடையில் கொடுத்த வண்ண அட்டையில் ஒரு சின்னச் சதுரத்தைக் காட்டிவிட்டு வருவோம். சுவர் காய்ந்த பிறகுதான் ஏதோ இடிக்கும். சாயம் நல்ல சாயம்தான். நிறமும் நல்ல நிறம்தான். ஆனால் வீட்டைப் பார்த்தால் மனம் நிறைவதில்லை.

பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். சுவரின் நிறத்தைத் தனியாகத் தேர்ந்தெடுக்கிறோம். சுவர் தனியாக நிற்பதில்லை. அதன் தலைமேல் கூரை இருக்கிறது. முன்னால் செங்கல் தூண் இருக்கிறது. கீழே கார் போர்ச்சின் தரை ஓடு இருக்கிறது. இவை எளிதில் மாறாதவை. கூரை ஓட்டை முப்பது ஆண்டுக்கு மேலும் மாற்றாத வீடுகள் ஏராளம். சாயமோ ஏழெட்டு ஆண்டில் மங்கிவிடும்.

ஆகவே முறை எளியது. மாறாததை முதலில் பாருங்கள். மாறக்கூடியதைக் கடைசியில் தேர்ந்தெடுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்வதால்தான் சிக்கல் வருகிறது.

வெள்ளையடித்த காலமும் நம் காலமும்

சாயம் பூசுவதை இன்றும் பெரியவர்கள் ‘வெள்ளையடிப்பது’ என்கிறார்கள். பச்சை அடித்தாலும் அது வெள்ளையடிப்புதான். சுவருக்குச் சுண்ணாம்பு மட்டுமே பூசிய காலத்தில் பிறந்த சொல் அது. தோட்டத்து லயங்களில் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் பேச்சுக்கே இடமிருந்ததில்லை. வீடு தோட்டத்தினுடையது, சுவரும் அப்படியே.

தோட்டத்தை விட்டு வந்து, கடன் எடுத்து, தாமானில் ஒரு தரை வீடு வாங்கிய தலைமுறைக்கு வெளிச்சுவரின் நிறம் வெறும் அலங்காரமல்ல. அது அவர்கள் தாங்களே தீர்மானிக்கும் முதல் நிறம். அதனால்தான் இந்தப் பேச்சில் வீட்டில் குரல் உயர்கிறது. செலவும் சிறிதல்ல. சாயம், சீலர், ஆள்கூலி, ஏணி, சாரம் என்று கணக்கு ஏறும். நிறம் பிடிக்கவில்லை என்று அடுத்த மாதமே மறுபடி அடிக்க யாராலும் முடியாது. ஆண்டுக்கணக்கில் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். சாயக் கடைக்குப் போகும் முன் அரை மணி நேரம் வீட்டுக்கு எதிரே நின்று பார்ப்பது அதைவிட மலிவு.

செங்கல்லின் நிறம் எங்கிருந்து வருகிறது?

செங்கல் என்ற சொல்லிலேயே நிறம் இருக்கிறது. செம்மை, கல் இரண்டும் சேர்ந்து செங்கல் ஆனது. களிமண்ணில் உள்ள இரும்புச் சத்து, சூளையில் வேகும்போது காற்றிலுள்ள பிராணவாயுவுடன் சேர்ந்து சிவப்பாகிறது. நம் நாட்டுச் செம்மண்ணுக்கு நிறம் தருவதும் அதே இரும்புதான். எனவே செங்கல் சிவப்பு என்பது ஒரே நிறமல்ல. மண்ணையும் சூட்டையும் பொறுத்து அது ஆரஞ்சுப் பக்கம் சாயலாம். பழுப்புப் பக்கம் சாயலாம். சில கற்களில் ஊதா கலந்ததுபோலவும் தெரியும்.

இந்தச் சாய்வைத்தான் அடிச்சாயல் என்கிறோம். நிறத் தேர்வில் பாதி வேலை இதைக் கண்டுபிடிப்பதுதான். அதற்கு ஓர் எளிய வழி உண்டு. வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்துச் செங்கல்லின் மேல் வைத்து, காலை பத்து மணி வெளிச்சத்தில் பாருங்கள். சுத்த வெள்ளை பக்கத்தில் இருக்கும்போது கல்லின் உண்மையான சாயல் வெளிப்படும். வெறும் சிவப்பு என்று நினைத்த கல், ஆரஞ்சாகவோ பழுப்பாகவோ தெரியத் தொடங்கும். கூரை ஓட்டுக்கும் இதையே செய்யலாம். கட்டும்போது மிஞ்சிய ஓடு ஒன்று பல வீடுகளின் பின்கட்டில் கிடக்கும். அதைத் தேடி எடுத்துக் கழுவி வையுங்கள். சாயக் கடைக்குப் போகும்போது கையோடு கொண்டு போகலாம்.

கல் ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்தால், பாலாடை, சந்தனம், கோதுமை போன்ற மஞ்சள் கலந்த வெளிர் நிறங்கள் இயல்பாகப் பொருந்தும். பழுப்புப் பக்கம் சாய்ந்தால், மணல் நிறம், சாம்பல் கலந்த மண் நிறம் ஆகியவை பொருந்தும். ஊதாச் சாயல் இருந்தால் மஞ்சளைத் தவிர்த்து, சாம்பல் கலந்த வெள்ளையைப் பாருங்கள். இரண்டிற்கும் நடுவில் நிற்கும் கல் என்றால், செங்கற்களுக்கு இடையிலுள்ள சாந்தின் நிறத்தைக் கவனியுங்கள். அந்தச் சாந்துக்கு அண்மையான வெளிர் நிறத்தைச் சுவருக்குக் கொடுத்தால் கல்லும் சுவரும் ஒன்றையொன்று தழுவி நிற்கும்.

பொருந்துவது வேறு, ஒன்றாக்குவது வேறு

செங்கல் தூண் இருக்கிறது என்பதற்காகச் சுவருக்கும் செங்கல் நிறச் சாயம் அடிப்பவர்கள் உண்டு. இது பெரும்பாலும் எடுபடுவதில்லை. கல்லில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாயலில் இருக்கும். சாயமோ ஒரே சீராக இருக்கும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நிறமாக இருந்து, முழுவதும் ஒன்றாக இல்லாதபோது, ஏதோ ஒன்று அழுக்காகிவிட்டது போலத் தோன்றும். பழைய சட்டையில் புதுத் துணி ஒட்டுப் போட்டது போல.

கோலாலம்பூரில் இதற்கு நல்ல பாடம் ஒன்று கண்முன்னே நிற்கிறது. 1897-இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தைப் பாருங்கள். சுவர் சிவப்புச் செங்கல். வளைவுகளிலும் ஓரங்களிலும் வெளிர் நிறப் பூச்சு. உச்சியில் செம்புக் குவிமாடம். சிவப்புக்குப் பக்கத்தில் இன்னொரு சிவப்பை அங்கே வைக்கவில்லை. வெளிர் நிறம் பக்கத்தில் இருப்பதால்தான் செங்கல்லின் சிவப்பு தெளிவாக எழுந்து நிற்கிறது. நம் வீட்டின் இரண்டு தூண்களுக்கும் இதே விதிதான்.

செங்கல்லும் ஓடும் இந்த நகருக்குப் புதியவையல்ல. 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அடுத்தடுத்து அழித்த பிறகு, மரமும் அத்தாப்பும் போய்ச் செங்கல்லும் ஓடும் வந்தன. நம்மவர்கள் அதிகம் வாழ்ந்த பிரிக்பீல்ட்சுக்கு அந்தப் பெயர் வந்ததே அங்கிருந்த செங்கல் சூளைகளால்தான்.

உங்கள் கூரை எந்த நிறம்?

வீட்டை எதிர்ச் சாலையிலிருந்து பார்த்தால் கண்ணில் படும் பெரிய பரப்புகளில் ஒன்று கூரை. சுவரின் நிறத்தை அதிகம் கட்டுப்படுத்துவதும் அதுவே. தாமான்களில் பொதுவாகக் காணப்படும் கூரைகளையும் அவற்றுக்குப் பொருந்தும் நிறங்களையும் பார்ப்போம்.

செம்மண் நிற ஓடு: நம் நாட்டில் அதிகம் காணும் கூரை இது. இதற்குக் கீழே பாலாடை, வெளிர் சந்தனம், மங்கலான இளம்பச்சை ஆகியவை நன்றாக இருக்கும். பச்சையில் ஒரு கவனம் தேவை. பச்சையும் சிவப்பும் எதிரெதிர் நிறங்கள். பக்கத்தில் வைத்தால் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். எனவே கிளிப்பச்சை அடித்தால் கூரையும் கூச்சலிடும், சுவரும் கூச்சலிடும். உலர்ந்த இலையின் பச்சைபோலச் சாம்பல் கலந்ததாக இருந்தால் இரண்டும் அமைதியாக நிற்கும். இளஞ்சிவப்பை இந்தக் கூரைக்குக் கீழே தவிர்ப்பது நல்லது. ஆரஞ்சுச் சிவப்பும் இளஞ்சிவப்பும் ஒட்டாது.

பழுப்பு ஓடு: கோதுமை, மணல், வெண்ணெய் நிறங்கள் பொருந்தும். நீலச் சாயல் உள்ள வெள்ளை அடித்தால், பழுப்புக் கூரை துருப்பிடித்ததுபோல் தெரியும். வெள்ளைதான் வேண்டும் என்றால் மஞ்சள் சிறிது கலந்த வெள்ளையைக் கேளுங்கள்.

சாம்பல் அல்லது கருஞ்சாம்பல் ஓடு: புதிய வீடமைப்புப் பகுதிகளில் இது அதிகம். இதன்கீழ் வெள்ளையும் சாம்பலும் எளிதில் பொருந்தும். ஆனால் கூரை, சுவர், கேட்டு எல்லாமே சாம்பலானால், மழை நாளில் வீடு அலுவலகம்போல் இருக்கும். முன்கதவுக்கு மரநிறம் கொடுத்தால் அந்தக் குறை தீரும். வீட்டில் சிவப்புச் செங்கல் தூணும் இருந்தால் இன்னும் எளிது. அந்தச் செங்கல்லே வீட்டுக்கு வெதுவெதுப்பைத் தந்துவிடும். சுவரை வெளிர் சாம்பலாகவோ வெள்ளையாகவோ விட்டுவிடலாம்.

நீல ஓடு, பச்சை ஓடு: இவை கூரைக்கே வலுவான நிறங்கள். சுவரில் இன்னொரு வலுவான நிறத்துக்கு இங்கே இடமில்லை. வெள்ளை, வெளிர் சாம்பல், மிக வெளிர் பாலாடை போதும். நீலக் கூரையின்கீழ் அடர் மஞ்சள் அடித்த வீட்டைப் பார்த்தால், கண் கூரைக்கும் சுவருக்கும் இடையே ஓடிக்கொண்டே இருக்கும்.

தகரக் கூரை: தோட்டப்புற வீடுகளிலும் பழைய கம்பத்து வீடுகளிலும் இன்னும் இருக்கிறது. சாயம் பூசாத தகரம் ஒரு நடுநிலையான சாம்பல். துருவேறிய பகுதிகளோ செம்பழுப்பு. சந்தன நிறமும் மண் நிறமும் இந்த இரண்டையும் தாங்கிக்கொள்ளும். சுத்த வெள்ளை அடித்தால் துருத்தண்ணீர் வடியும் கோடுகள் முதல் மழையிலேயே தெரியும். முதலில் துருவைத் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்துவிட்டுப் பிறகு சுவரைப் பற்றி யோசியுங்கள்.

இன்னும் ஒரு கூரை உண்டு. பழைய வீடுகள் சிலவற்றில் அலையலையான சாம்பல் நிறச் சிமெண்டு தகடுகள் இருக்கும். அவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கக்கூடும். அதைத் தேய்ப்பதோ, உடைப்பதோ, அழுத்தத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதோ கூடாது. கிளம்பும் தூசு நுரையீரலுக்குக் கெடுதல். அந்தக் கூரைக்கு ஏதாவது செய்ய வேண்டுமென்றால் அதற்குப் பயிற்சி பெற்றவர்களை அழையுங்கள்.

கூரைக்கும் சாயம் அடிக்கப் போகிறீர்கள் என்றால், கூரையின் நிறத்தை முதலில் முடிவு செய்யுங்கள், சுவர் பிறகு. கூரை ஓட்டுக்கென்று தனிச் சாயம் உண்டு. சுவர்ச் சாயத்தைக் கூரையில் அடித்தால் நிற்காது.

மூன்று நிறம் போதும்

கூரையும் செங்கல்லும் ஏற்கெனவே இரண்டு நிறங்களைக் கொண்டுவந்துவிட்டன. அதற்குமேல் நாம் சேர்ப்பது மூன்றுக்குள் இருக்கட்டும். சுவருக்கு ஒன்று. கூரை ஓரப் பலகை, சன்னல் விளிம்பு, தூணின் தலைப்பு ஆகியவற்றுக்கு ஒன்று. முன்கதவுக்கோ கேட்டுக்கோ ஒன்று.

சுவர் நிறம்தான் பெரும் பரப்பு. அது அடக்கமாக இருக்கட்டும். ஓரங்களுக்குச் சுவரைவிட வெளிர் நிறமோ, கூரையோடு சேரும் அடர் நிறமோ கொடுக்கலாம். சன்னல் சட்டங்கள் அலுமினியமாக இருந்தால் அவற்றின் நிறத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வெள்ளைச் சட்டமா, கறுப்பா, வெண்கல நிறமா என்று பார்த்து அதற்கேற்ப ஓர நிறத்தை முடிவு செய்யுங்கள்.

வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் பிடிக்கும். ராசிக்கு உகந்த நிறம் என்று சிலர் விரும்புவார்கள். அதற்கு இடம் முன்கதவு. மயில் நீலமோ குங்கும நிறமோ மாம்பழ மஞ்சளோ, கதவில் இருந்தால் வீட்டுக்கே பொட்டு வைத்ததுபோல் அழகு. அதே நிறம் நான்கு சுவரிலும் ஏறினால் கூரையோடு சண்டை போடும். கதவு மட்டும் என்றால், மனம் மாறினாலும் ஒரு சிறு டின்னில் மாற்றிவிடலாம். அம்மாவின் மஞ்சளுக்கும் மகளின் சாம்பலுக்கும் இப்படித்தான் சமாதானம் செய்ய முடியும்: சாம்பல் சுவருக்கு, மஞ்சள் கதவுக்கு.

பத்துமலையைச் சிலர் எடுத்துக்காட்டலாம். 2018-இல் 272 படிகளுக்கும் பல வண்ணங்கள் பூசப்பட்டன. எவ்வளவு அழகாக இருக்கிறது என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அந்தப் படிகளுக்குப் பின்னணியைப் பாருங்கள். சாம்பல் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறையும் காட்டின் பச்சையும்தான். அடக்கமான பெரிய பின்னணி இருப்பதால்தான் அந்த வண்ணங்கள் விழாக்கோலம் காட்டுகின்றன. வரிசை வீட்டில் நமக்கு அந்தப் பின்னணி கிடைப்பதில்லை. ஒரு செங்கல் தடிப்புக்கு அப்பால் பக்கத்து வீட்டின் நிறம் தொடங்கிவிடுகிறது.

அதனால் இரண்டு பக்கத்து வீடுகளின் நிறத்தையும் பார்த்துவிடுவது நல்லது. அவர்களைப் போலவே அடிக்க வேண்டும் என்பதில்லை. இரண்டு சுவர் சேரும் இடத்தில் கோடு எப்படித் தெரியும் என்று யோசித்தால் போதும். ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடித்தால் உறவும் கெடாது.

வெயிலில் நிறம் மாறும்

வண்ண அட்டையில் உள்ள சதுரம் கடையின் விளக்கொளியில் ஒரு மாதிரி. நம் நண்பகல் வெயிலில் வேறு மாதிரி. பெரிய சுவரில் ஏறும்போது எந்த நிறமும் அட்டையில் கண்டதைவிட வெளிர்ந்தும் பளிச்சென்றும் தெரியும். அட்டையில் இதமான மஞ்சளாக இருந்தது, சுவரில் கண்ணைக் கூசுவது இதனால்தான். ஆகவே அட்டையில் உங்களுக்குப் பிடித்த நிறத்துக்குப் பக்கத்தில், அதைவிடச் சற்று மங்கலான, சாம்பல் கலந்த நிறத்தை எடுத்துப் பாருங்கள். வெளியே அதுதான் நீங்கள் நினைத்த நிறமாகத் தெரியும்.

சில வண்ண அட்டைகளில் நிறத்தின் பெயருக்குக் கீழே எல்.ஆர்.வி. என்ற எழுத்துகளும் ஓர் எண்ணும் இருக்கும். அந்த நிறம் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்பதைக் காட்டும் அளவு அது. 0 என்றால் முழுக் கறுப்பு. 100 என்றால் முழு வெள்ளை. எண் குறையக் குறையச் சுவர் வெயிலை உறிஞ்சிச் சூடாகும். பிற்பகல் வெயில் விழும் மேற்குச் சுவருக்கு அடர் நிறம் அடித்தால், இரவில் அந்த அறையில் படுப்பவருக்குத் தெரியும். அடர் நிறம் ஆசையென்றால் அதை நிழல் விழும் போர்ச்சின் உட்சுவரில் வையுங்கள்.

மங்கிப்போவதிலும் நிறத்துக்கு நிறம் வேறுபாடு உண்டு. செம்மண், காவி, பழுப்பு ஆகிய நிறங்கள் பெரும்பாலும் இரும்பு ஆக்சைடிலிருந்து வருகின்றன. செங்கல்லுக்கு நிறம் தரும் அதே பொருள்தான் இது. வெயிலில் அது எளிதில் மங்காது. பளிச்சென்ற சிவப்பு, ஊதா, எலுமிச்சை மஞ்சள் போன்றவற்றில் பலவும் வேறு வகை நிறமிகளால் ஆனவை. அவை விரைவில் வெளிறக்கூடும். மண்ணிலிருந்து வந்த நிறங்கள் செங்கல்லோடும் ஓட்டோடும் எளிதில் பொருந்துவது மட்டுமல்ல, நீண்ட நாளும் உழைக்கும்.

இரண்டடிச் சோதனை

இந்த ஒரு வேலையை மட்டும் தவிர்க்காதீர்கள். இரண்டு அல்லது மூன்று நிறங்களைச் சிறு அளவில் வாங்குங்கள். இரண்டடிக்கு இரண்டடிப் பலகைத் துண்டுகளில் இரண்டு கோட் அடித்துக் காயவிடுங்கள். பழைய சாயத்தின் மேல் நேராக அடித்துப் பார்த்தால், பழைய நிறம் கண்ணை ஏமாற்றும்.

பலகையைச் செங்கல் தூணை ஒட்டி வையுங்கள். பிறகு கூரை ஓரத்தின் அடியில் தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். எதிர்ச் சாலைக்குப் போய் நின்று பாருங்கள். காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் பார்க்க வேண்டும். மழை பெய்யும்போதும் ஒரு முறை பாருங்கள். நனைந்த ஓடும் நனைந்த செங்கல்லும் நன்றாகக் கறுத்துத் தெரியும். அடிக்கடி மழை பெய்யும் நாட்டில் வீட்டின் நனைந்த முகமும் அதன் முகம்தான்.

சிறு டின்களுக்கு ஆகும் செலவு முழு வீட்டுச் செலவில் சிறு பங்குதான்.

செங்கல்லின் மேலேயே சாயம் அடிக்கலாமா?

பழைய செங்கல் தூண் மங்கிவிட்டது, அதையும் சேர்த்து அடித்துவிடலாம் என்று குத்தகையாளர்கள் சொல்வதுண்டு. அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். பூசாத செங்கல் நீரை உறிஞ்சும். பிறகு வெயிலில் வெளியே விடும். அதன்மேல் சாயப் படலம் ஏறினால் ஈரம் உள்ளேயே தங்கும். பிறகு சாயம் கொப்பளித்து உரியும். ஒருமுறை அடித்துவிட்டால் கல்லின் நுண்துளைகளிலிருந்து அதை முழுவதும் எடுப்பது கடினம். அதன்பின் ஒவ்வொரு முறையும் தூணுக்கும் சேர்த்தே செலவு செய்ய வேண்டும். பராமரிப்பே கேட்காத ஒரே பகுதியை, பராமரிப்புக் கேட்கும் பகுதியாக நாமே மாற்றிவிடுகிறோம்.

செங்கல்லில் பாசி இருந்தால் அதற்கான மருந்து தடவி, மென்மையான பிரஷால் தேய்த்துக் கழுவலாம். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் முதலில் காய்ந்த பிரஷால் தட்டி எடுங்கள். உப்புப் பூப்பது, உள்ளே ஈரம் நுழைகிறது என்பதன் அடையாளம். கூரை வடிகால் ஒழுகுகிறதா, தூணின் அடியில் தண்ணீர் தேங்குகிறதா என்று பார்த்து அதைச் சரிசெய்யுங்கள். கல் முழுவதும் காய்ந்த பிறகு, வேண்டுமானால், உள்ளே ஊடுருவி மழைநீரைத் தடுக்கும் நிறமற்ற பூச்சைக் கொடுக்கலாம். பளபளக்கும் வார்னிஷ் வேண்டாம். அதுவும் ஈரத்தை உள்ளே அடைக்கும்.

கல் சுத்தமான பிறகு அதன் நிறம் மாறித் தெரியும். எனவே கழுவிய பிறகே சுவரின் நிறத்தைத் தேர்ந்தெடுங்கள். கூரைக்கும் அப்படியே. பாசி படிந்து கறுத்த ஓட்டைப் பார்த்துக் கருஞ்சாம்பலுக்குப் பொருந்தும் நிறம் அடித்துவிட்டு, பிறகு கூரையைக் கழுவினால் அடியில் ஆரஞ்சு ஓடு சிரிக்கும்.

எப்போது அடிப்பது, எவ்வளவு வாங்குவது?

மேற்குக் கரை மாநிலங்களில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை அதிகம். தீபாவளி வருவதும் அப்போதுதான். பண்டிகைக்கு இரண்டு வாரத்துக்கு முன் தொடங்கினால், சாயம் காயும் முன் மழை கழுவிவிடும். ஈரச் சுவரில் அடித்தால் பிறகு உரியும். மழை குறைந்த ஜூன் முதல் ஆகஸ்டு வரையிலான காலமே வெளிச்சுவருக்கு ஏற்றது. முடியாவிட்டால், காலையில் பனி காய்ந்ததும் தொடங்கி நண்பகலுக்குள் அன்றைய வேலையை முடிக்கச் சொல்லுங்கள்.

புதிதாகப் பூசிய சிமெண்டுச் சுவர் என்றால் ஏறத்தாழ நான்கு வாரம் காயவிட வேண்டும். பச்சைச் சிமெண்டின் காரம் சாயத்தின் நிறத்தைத் தின்றுவிடும். அதன்பின் காரத்தைத் தாங்கும் சீலர் ஒரு கோட், வெளிச்சுவர்ச் சாயம் இரண்டு கோட். உட்சுவர்ச் சாயம் மலிவு என்று வெளியே அடிக்க வேண்டாம்.

அளவைக் கணக்கிடுவது கடினமல்ல. 1 லிட்டர் சாயம், ஒரு கோட்டுக்கு, சுமார் 100 சதுர அடி வரும். முன்சுவர் 20 அடி அகலம், 10 அடி உயரம் என்றால் 200 சதுர அடி. கதவுக்கும் சன்னலுக்கும் 60 கழித்தால் 140. இரண்டு கோட்டுக்கு 280. ஆக, ஏறத்தாழ 3 லிட்டர். சொரசொரப்பான சுவர் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும்.

கடையில் கலக்கும் சாயம் ஒவ்வொரு முறையும் மயிரிழை மாறலாம். எனவே ஒரு முகப்புக்கு வேண்டியதை ஒரே நாளில் வாங்கி, டின்களை ஒன்றாகக் கலந்து பயன்படுத்துங்கள். நிறத்தின் எண்ணை எழுதி வையுங்கள். மிஞ்சியதில் கொஞ்சம் எடுத்து வைத்தால் பின்னால் கீறல் விழுந்த இடத்துக்கு உதவும்.

யாரைக் கேட்க வேண்டும்?

தனி நிலமுள்ள தரை வீட்டில் முடிவு பெரும்பாலும் உங்களுடையதே. ஸ்ட்ராட்டா உரிமையுள்ள வீடுகளில் அப்படியல்ல. அடுக்குமாடி வீட்டின் வெளித்தோற்றத்தைத் தனியாக மாற்ற முடியாது. சில வேலியடைத்த தரை வீடமைப்புப் பகுதிகளும் இந்த வகையில் வரும். முதலில் நிர்வாகக் குழுவைக் கேளுங்கள். ஜார்ஜ்டவுன், மலாக்கா ஆகிய நகரங்களின் பாரம்பரியப் பகுதிகளில் வீடு இருந்தால், நகராண்மையிடம் கேட்காமல் பிரஷைத் தொட வேண்டாம்.

சிங்கப்பூர் வாசகர்களுக்கு ஒரு சொல். அங்கே வீவக புளோக்குகளுக்கு நகர மன்றங்கள் சாயம் அடிக்கின்றன. சில பேட்டைகளில் வண்ண வடிவமைப்புகளைக் காட்டிக் குடியிருப்பாளர்களை வாக்களிக்கச் சொல்வார்கள். அப்போதும் படத்தை மட்டும் பார்க்காமல், புளோக்கின் கூரையையும் சாயம் ஏறாத கல், ஓட்டுப் பகுதிகளையும் நினைத்துப் பார்த்து வாக்களியுங்கள்.

கடைக்குப் போகும் முன்

கூரையையும் செங்கல்லையும் கழுவிவிட்டீர்களா? வெள்ளைத் தாள் வைத்து அடிச்சாயலைப் பார்த்தீர்களா? மிஞ்சிய ஓட்டுத் துண்டு கையில் இருக்கிறதா? சன்னல் சட்டமும் தரை ஓடும் எந்த நிறம் என்று குறித்தீர்களா? சுவருக்கு ஒன்று, ஓரத்துக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று என்று வீட்டில் பேசி முடித்தீர்களா?

இவ்வளவும் முடித்துவிட்டுப் போனால், அட்டையிலுள்ள நூற்றுக்கணக்கான சதுரங்கள் பத்தாகக் குறைந்துவிடும். பத்தில் மூன்றை வாங்கிப் பலகையில் அடித்துப் பாருங்கள். மூன்றில் எது சரி என்பதை உங்கள் கூரையே சொல்லிவிடும்.